படம் ஏற்றுமுன் கணக்கைப் பாருங்கள்

பனச்சமூட்டில் தூரிகை பிடித்து போர்டு எழுதத் தொடங்கியவன் நான். இப்போது கம்ப்யூட்டரில் டிசைன் போடுகிறேன். கேரள-தமிழக எல்லையோர ஊர். குருசுமலைத் திருப்பயணக் காலம் வந்தால் ஒரே பேனரில் மலையாளமும் தமிழும் வேண்டும் என்பார்கள். பின்னணிப் படத்தை இன்று ஏஐ வரைந்து தருகிறது. வேலை பழக வருகிற பிள்ளைகள் அந்த ஏஐ தளங்களில் ஆளுக்கு நாலைந்து கணக்கோடு வருகிறார்கள். மக்களே, கொஞ்சம் கேளுங்கள்.

1. இரண்டு கணக்கு போதும்: உங்களுக்கு ஒன்று, கடைக்கு ஒன்று. கடைக் கணக்குக்குக் கடையின் மின்னஞ்சல், ஓடிபி வரக் கடையின் எண். வேலையை விட்டுப் போன பையனின் ஜிமெயிலுக்குள் ஒரு கடையின் படங்கள் மொத்தமும் சிக்கிக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன்.

2. இலவசப் படங்கள் தீர்ந்தவுடன் புது ஜிமெயில் தொடங்கி உள்ளே போகிற வழக்கத்தை விட்டுவிடுங்கள். 2023 மார்ச்சில் படம் வரைந்து தரும் ஏஐ தளமான மிட்ஜர்னி இலவசச் சோதனையையே நிறுத்தியது. கூட்டம் தாங்கவில்லை, சோதனை வசதியைத் தவறாகப் பயன்படுத்துகிறார்கள் என்று அதன் நிறுவனர் டேவிட் ஹோல்ஸ் காரணம் சொன்னார். இப்படிச் செய்வதைக் கண்டு தளம் கணக்கை முடக்கினால் அதிலிருக்கும் உங்கள் உழைப்பும் போகும். கல்யாண சீசனில் ஒரு மாதம் பணம் கட்டுங்கள். சீசன் முடிந்ததும் சந்தாவை நிறுத்துங்கள். ஆட்டோபே ரத்தாகிவிட்டதா என்று வங்கிச் செயலியிலும் பாருங்கள்.

3. இதுதான் முக்கியம். ஒரே ஜன்னலில் வெளியேறி நுழைந்து கொண்டிருக்காதீர்கள். குரோமில் கணக்குக்கு ஒரு புரொஃபைல் வைத்து, ஒன்றுக்குப் பச்சை, மற்றதற்குச் சிவப்பு என்று நிறம் கொடுங்கள். வலது மேல்மூலையில் சின்ன வட்டம் இருக்கும். படம் ஏற்றுமுன் கண் அங்கே போய் வர வேண்டும். ஏன் இவ்வளவு சொல்கிறேன்? மிட்ஜர்னியில் நாம் உருவாக்கும் படம் சாதாரணமாகப் பொதுவில்தான் நிற்கும். மறைத்து வைக்கும் வசதி விலை கூடிய திட்டங்களில் மட்டுமே. பல தளங்களின் இலவசக் கணக்கும் அப்படித்தான். இறந்துபோன அம்மாவின் பழைய போட்டோவைத் தெளிவாக்கித் தரச் சொல்லி ஒருவர் கண்கலங்க நீட்டுகிறார். அந்த முகம் ஊரறியாத யாரோ பார்க்கிற கேலரியில் கிடக்கலாமா? வாடிக்கையாளர் முகம் என்றால், படத்தை மறைத்து வைக்கிற கடைக் கணக்கு மட்டும். அந்த வசதி இல்லையென்றால் ஃபோட்டோஷாப்பில் கையால் செய்யுங்கள்.

4. பாஸ்வேர்டை வாட்ஸ்அப் குரூப்பில் போடாதீர்கள். இரட்டைச் சரிபார்ப்பு கட்டாயம்.

5. படத்தை அன்றைக்கே இறக்கி, வாடிக்கையாளர் பெயரில் ஃபோல்டர் போட்டு வையுங்கள். ஏஐக்கு எழுதிக் கொடுத்த பிராம்ப்டையும் கூடவே ஒரு கோப்பில் சேமியுங்கள். கணக்கு மாறினால் பழைய வரலாறு உங்களோடு வராது. இரண்டு வருடம் தொடாத தனிநபர் கணக்கை கூகுள் நீக்கலாம். 2023 டிசம்பர் முதல் இது நடப்பில் இருக்கிறது.

6. பேனர் எழுத்தை ஏஐயிடம் விடாதீர்கள். தமிழானாலும் மலையாளமானாலும் நீங்களே டைப் செய்து, ஒருமுறை வாய்விட்டு வாசியுங்கள்.

இன்று கடை அடைக்குமுன் உங்கள் கணக்குகளையெல்லாம் ஒரு தாளில் எழுதுங்கள். வேண்டாதவற்றில் இருக்கும் படங்களை இறக்கிக்கொண்டு, அவற்றை மூடிவிட்டு நாளை வேலைக்கு வாருங்கள்.