சிபாரிசு உள்ளே விடும், வேலைதான் நிலைக்க வைக்கும்

மன்னார் தாராபுரத்தில் ஏ/எல் முடித்துவிட்டு என்.ஜி.ஓ. வேலைக்கு சி.வி. அனுப்பிக்கொண்டிருக்கிறீர்களா? அதே வேக்கன்சிக்கு எருக்கலம்பிட்டியிலிருந்தும் பேசாலையிலிருந்தும் சி.வி. போகிறது. எல்லாவற்றிலும் ‘சமூக சேவையில் ஆர்வம்’ என்ற ஒரே வரி. முதலில் அதை அழித்துவிடுங்கள். பிறகு சுபாஷினி வசந்தைக் கவனியுங்கள்.

பெங்களூருவின் பரதநாட்டியக் கலைஞர். கணவர் கேர்ணல் வசந்த் வேணுகோபால், மராத்தா லைட் இன்ஃபன்ட்ரி 9ஆம் பட்டாலியனின் கட்டளை அதிகாரி. 2007 ஜூலை 31, காஷ்மீரின் உரி பகுதியில் நடந்த மோதலில் உயிரிழந்தார். 2008 குடியரசு தினத்தில் கணவருக்கான அசோக சக்ர விருதை வாங்கியவர் சுபாஷினி. அனுதாபம் தானாக வரும் நேரம் அது. ஆனால் சில மாதம்தான் வரும். அதற்குள் வசந்தரத்னா ஃபவுண்டேஷன் ஃபார் ஆர்ட் தொடங்கிவிட்டார்.

1. டார்கெட்டைச் சுருக்குங்கள். அவர் எடுத்துக்கொண்டது உயிரிழந்த படையினரின் மனைவிமாரையும் பிள்ளைகளின் படிப்பையும். ‘இளைஞர் மேம்பாடு’ என்று எழுதினால் டோனர் அடுத்த ஃபைலுக்குப் போய்விடுவார். ‘ஓ/எல் கணிதத்தில் தவறிய 20 பிள்ளைகள், கிழமைக்கு இரண்டு மாலை வகுப்பு’ என்று எழுதுங்கள், விலை கேட்பார்.

2. கையிலுள்ள ஸ்கில்லை விற்றுப் பழகுங்கள். சுபாஷினியிடம் இருந்தது நடனமும் மேடையும். நிறுவனத்தின் பெயரிலேயே கலை இருக்கிறது. உங்களிடம்? வடக்கு முஸ்லிம்களின் 1990 ஒக்டோபர் வெளியேற்றத்துக்குப் பின் புத்தளத்தில் வளர்ந்த குடும்பமென்றால், துயரத்தை சி.வி.யில் எழுத வேண்டாம். அங்கே பழகிய சிங்களத்தை எழுதுங்கள். தமிழும் சிங்களமும் எழுதத் தெரிந்த ஃபீல்ட் ஒஃபிசருக்கு மன்னாரில் எப்போதும் கிராக்கி.

3. சிபாரிசுக்குக் கூச்சப்படாதீர்கள், அதில் சாய்ந்தும் விடாதீர்கள். படையினரின் குடும்ப நலனைப் பார்க்கும் இலங்கை இராணுவத்தின் சேவா வனிதா பிரிவுக்குத் தலைவி, தளபதியின் மனைவி. கணவர் ஓய்வுபெற்றால் கதிரை அடுத்தவருக்கு. சுபாஷினியின் கதிரை அவரே செய்தது. 2016ஆம் ஆண்டுக்கான நீர்ஜா பானோட் விருது அதன் பின்னரே வந்தது. மாமா சொல்லி உள்ளே போனீர்களா? புரொபேஷன் முடியுமுன் உங்கள் பெயரில் ஒரு ரிப்போர்ட் இருக்கட்டும்.

4. செய்த வேலைக்கு ஃபைல் வைத்திருங்கள். வரவு இடாப்பு, பற்றுச்சீட்டு, திகதி போட்ட படங்கள். பிள்ளைகளின் முகம் தெரிந்தால் பெற்றோரின் கையெழுத்தும் வேண்டும். இன்டர்வியூ போர்டில் அந்த ஃபைலைக் கேட்க ஒருவராவது இருப்பார்.