நட்சத்திரம் மறைந்தது எத்தனை மணிக்கு?

நிலா ஒரு நட்சத்திரத்தை மறைப்பதை என் ஆறங்குலத் தொலைநோக்கியில் முதன்முதலாகப் பார்த்தபோது, அது கொஞ்சம் கொஞ்சமாக மங்கித்தான் போகும் என்று காத்திருந்தேன். சுவிட்சை அணைத்த மாதிரி சட்டென்று காணாமல் போனது. நிலாவில் சொல்லிக்கொள்ளும்படி காற்று கிடையாது. நட்சத்திரமோ நமக்கு வெறும் புள்ளி. பதறிப்போய்க் கைபேசியைப் பார்த்து மணியை எழுதிவைத்தேன். அந்தக் குறிப்பு எதற்கும் உதவவில்லை.

நிலா தன் பாதையில் நொடிக்குச் சுமார் 1 கிலோமீட்டர் ஓடுகிறது. இரண்டு நொடி தவறினால் நிலா விளிம்பின் மலையும் பள்ளமும் கணக்கில் இடம்மாறிவிடும். கண்ணால் பார்த்துப் பொத்தானை அழுத்தினாலும் கை சற்றுப் பின்தங்கத்தான் செய்யும். விடிகாலைத் தூக்கத்தில் கேட்கவே வேண்டாம்.

அதனால் வீடியோவுக்கு மாறினேன். நொடிக்கு 25 படம், ஒரு படத்துக்கு 40 மில்லிநொடி. அங்கேயும் சறுக்கினேன். மடிக்கணினிக் கடிகாரத்தை நம்பி இரண்டு மாதம் பதிவு செய்துவிட்டு, ஒருநாள் ஜிபிஎஸ் நேரத்தோடு ஒப்பிட்டால் ஒன்றரை நொடி பின்னால் நிற்கிறது! எந்த நாளில் எவ்வளவு பின்தங்கியது என்று தெரியாததால் திருத்தவும் வழியில்லை. இப்போது ஒவ்வொரு படத்தின் மேலும் ஜிபிஎஸ் நேரத்தைப் பதிக்கும் கருவி வைத்திருக்கிறேன். கையில் காசு இருந்தால் பெரிய தொலைநோக்கிக்கு முன்னால் இதை வாங்குங்கள்.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு வளர்பிறைதான் நல்லது. நட்சத்திரம் இருண்ட விளிம்பில் போய் மறையும். கடைசி நொடிவரை கண்ணில் இருக்கும். தேய்பிறையில் அது இருட்டிலிருந்து எட்டிப்பார்க்கும். எந்த இடத்தில் என்று முன்பே தெரிந்துவைத்துக்கொள்ளாவிட்டால் தவறவிடுவீர்கள். மார்கழிப் பனி லென்சில் படியும், ஒரு ஹேர் டிரையர் பக்கத்தில் இருக்கட்டும். முதல் ஒளிநிலை நட்சத்திரங்களில் நிலா மறைக்கக்கூடியவை ரோகிணி, மகம், சித்திரை, கேட்டை ஆகிய நான்கே. அவற்றுக்காகக் காத்திருக்காதீர்கள், சின்ன நட்சத்திரங்களில் கை பழகட்டும்.

பதிவை முன்கூட்டியே ஓடவிடுங்கள். 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தின் குறுக்கே வந்தபோது, கைப்பர் விமான ஆய்வகத்தில் இருந்தவர்கள் அப்படிச் செய்ததால்தான் கோள் மறைப்பதற்கு முன்பே ஒளி பலமுறை விட்டுவிட்டு மங்கியது அகப்பட்டது. நம் காவலூர் வானாய்வகத்தில் பட்டாச்சார்யாவும் குப்புசாமியும் எடுத்த பதிவிலும் ஒரு மங்கல் விழுந்திருந்தது. முதலில் அதைப் புதிய துணைக்கோள் என்றே எண்ணினார்கள். உண்மையில் அது யுரேனஸின் வளையம்.

சிறுகோள் மறைப்பில் ஏமாற்றம் அதிகம். பூமியில் விழும் நிழல் ஏறத்தாழ அந்தச் சிறுகோளின் அகலம்தான். சில நொடியில் கடந்துவிடும், பல நேரம் நம் தலைமேல் வரவே வராது. நட்சத்திரம் மறையவில்லையா? அந்தப் பதிவையும் மறைப்புகளைத் தொகுப்பவர்களுக்கு அனுப்புங்கள். பக்கத்து ஊர்க்காரர் மறைந்ததாகப் பதிந்திருந்தால், சிறுகோளின் விளிம்பு இரண்டு ஊருக்கும் நடுவில் எங்கோ விழுந்திருக்கிறது என்று பொருள். ஆரம்பத்தில் இப்படி வந்த பதிவுகளை நான் வெட்கப்பட்டு அழித்துவிட்டேன். இன்றும் அது உறுத்துகிறது.

நேரத்தை முன்கூட்டிக் கணிக்க 'அக்கல்ட்' என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. உங்கள் மொட்டைமாடியின் அட்சரேகை, தீர்க்கரேகையைக் கொடுங்கள். கடல்மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் உயரம் என்பதையும் மறக்காமல் சேருங்கள்.