வெளுத்த பவளத்திற்கு வைத்தியம்

பவளம் என்றவுடன் நம்மில் பலருக்கு மோதிரத்தில் பதித்த சிவப்புக் கல்தான் நினைவுக்கு வரும். தமிழ்ப்பள்ளியில் நவமணிகளுள் ஒன்றாக நான் மனனம் செய்த பெயர் அது. தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போன பிறகுதான், 'காராங்' என்ற மலாய்ப் பெயரோடு அது ஒரு விலங்காக எனக்கு அறிமுகமானது. ஆம், விலங்குதான். பாலிப் எனப்படும் மெல்லிய சிற்றுயிர்கள் சுண்ணாம்புக் கூடு கட்டி அதன்மேல் கூட்டமாக வாழ்கின்றன. அவற்றின் திசுவுக்குள் சூசாந்தெல்லே என்னும் நுண்பாசிகள் குடியிருந்து, ஒளியைக் கொண்டு உணவு தயாரித்து வீட்டுக்காரருக்கும் பங்கு கொடுக்கின்றன. பவளத்தின் பழுப்பு நிறம் இந்தப் பாசியினுடையது.

கிள்ளானில் என் மாமா வீட்டில் மூன்றடி நீளக் கடல்நீர்த் தொட்டி ஒன்று இருக்கிறது. சென்ற மார்ச் மாத வெயிலில் அதிலிருந்த இரண்டு பவளங்கள் ஒரே வாரத்தில் வெளுத்தன. ஒன்று சுத்தியல் பவளம், மற்றொன்று தீப்பந்தப் பவளம். இரண்டுமே வேறொரு தொட்டியில் வளர்ந்த தாய்ப் பவளத்திலிருந்து வெட்டி எடுத்த கிளைகள். "ரெண்டும் செத்துப் போச்சாம்மா? தூக்கிப் போட்டுடவா?" என்று மாமா தொலைபேசியில் கேட்டார். "தொடாதீங்க மாமா, வந்து பார்க்கிறேன்" என்றேன்.

வெள்ளை என்பது ஓர் அறிகுறி மட்டுமே. அது நோயின் பெயர் அன்று. திசு உயிரோடிருந்து பாசி மட்டும் வெளியேறினாலும் பவளம் வெள்ளையாகத் தெரியும். திசுவே அழிந்து கூடு வெளிப்பட்டாலும் வெள்ளைதான். முதல் வகைக்குப் பொறுமை வேண்டும், இரண்டாவதற்கு அவசரம் வேண்டும். மாற்றிச் செய்தால் பிழைக்க வேண்டியதும் பிழைக்காது.

வேறுபாட்டைக் காண உருப்பெருக்கிக் கண்ணாடி போதும். சுத்தியல் பவளத்தின் கூட்டின்மேல் கண்ணாடி போன்ற சதை மூடியிருந்தது; இரவில் விரல் போன்ற நீட்சிகளைக் கொஞ்சம் வெளியே விட்டது. ஆகவே அது உயிரோடு இருக்கிறது. தீப்பந்தப் பவளத்தின் ஐந்து தலைகளுள் ஒன்றில் மட்டும் பழுப்பு நிறக் கூழ் படிந்திருந்தது. அதன் கீழே வெறும் கூடு. நீரிலிருந்து தூக்கியதும் அழுகல் நாற்றம் வீசியது. இதைப் பழுப்புக்கூழ் நோய் என்பர். இது சில நாள்களில் முழுக் கிளையையும் தின்றுவிடக்கூடியது.

மருந்தைத் தேடுவதற்கு முன் நீரைச் சோதிக்க வேண்டும். வெப்பநிலை 31 பாகையைத் தாண்டியிருந்தது. உப்புத்தன்மை ஆயிரத்துக்கு 39. இருக்க வேண்டியதோ 35. காரணத்தை மாமாவே சொன்னார். வெயிலுக்காகத் தொட்டியின்மேல் மின்விசிறி வைத்திருக்கிறார். நீர் ஆவியாகி மட்டம் இறங்க, நாள்தோறும் உப்பு நீரையே ஊற்றி நிரப்பியிருக்கிறார். ஆவியாவது நீர் மட்டும்தான். உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். ஆகவே, ஆவியான நீருக்கு ஈடாக ஊற்ற வேண்டியது உப்பில்லாத ஆர்.ஓ. நீர்.

தீப்பந்தப் பவளத்தை முதலில் கவனித்தோம். கூழ் மற்ற தலைகளில் ஒட்டாதிருக்க நீரோட்ட மோட்டாரை நிறுத்தி, சிறு குழாயால் கூழை உறிஞ்சி எடுத்தோம். பிறகு கிளையை வெளியே எடுத்து, நோயுற்ற தலையைச் சற்றுக் கீழே தள்ளி வெட்டினோம். மீதமுள்ளதை வாளியில் எடுத்த தொட்டி நீரில், வெளிர்த் தேநீர் நிறம் வருமளவு அயோடின் கலந்து, பத்து நிமிடம் முக்கி வைத்தோம். அந்த நீரைத் தொட்டியில் திரும்ப ஊற்றக்கூடாது. கையுறையும் கண்ணாடியும் கட்டாயம்; சிலவகைப் பவளங்களில் மனிதருக்கே ஆபத்தான நஞ்சு உண்டு.

சுத்தியல் பவளத்திற்கு மருந்தே கிடையாது. விளக்கின் ஒளியைக் குறைத்தோம். வெப்பத்தை நாளுக்கு ஒரு பாகைக்கு மேல் குறையாதவாறு 27-க்குக் கொண்டு வந்தோம். உப்புத்தன்மையையும் ஒரு வாரம் எடுத்தே இறக்கினோம்; திடீர் மாற்றம் பழைய நிலையைவிடக் கொடியது. பாசி இல்லாத பவளம் பட்டினி கிடப்பதால், வாரம் இருமுறை பொடியாக நறுக்கிய இறாலை ஊட்டினோம். இந்த நிலையில் சிலர் நுண்ணுயிர்க்கொல்லியைத் தொட்டியிலேயே கொட்டுவதுண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. கழிவை முறிக்கும் நல்ல பாக்டீரியாவும் அதில் மடியும். பிறகு அமோனியா ஏறி மீன்களும் போய்விடும்.

கடலில் நடப்பதும் இதே வெளுப்புதான். 2010-இல் கடல்நீர் சூடாகி, தியோமான், ரெடாங் தீவுகளில் சில முக்குளிப்புத் தளங்களை மூட நேர்ந்தது. அங்கே ஒளியைக் குறைக்கவும் இறால் ஊட்டவும் ஆளில்லை.

தீப்பந்தப் பவளத்தில் இரண்டு நாள் கழித்து இன்னொரு தலையிலும் கூழ் தோன்றியது; அதையும் வெட்டினோம். மூன்று தலைகள் தங்கின. சுத்தியல் பவளத்தில் ஏழாவது வாரம் அடிப்பகுதியிலிருந்து இளம்பழுப்பு ஏறத் தொடங்கியது. இதை எழுதும்போது ஒரு விளிம்பு மட்டும் இன்னும் வெள்ளையாக இருக்கிறது.