வியாபாரியும் தேகப் பயிற்சியும்

முதல் கரைந்துவிட்டால் கடை நிற்காது என்பதை வியாபாரிகளான நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் கடையில் போட்ட முதலினும் பெரிய முதல் ஒன்று நம்மிடம் உண்டு. அதுதான் நம் தேகம். பேரேட்டை மாதந்தோறும் புரட்டிப் பார்க்கும் நாம், தேகத்தின் வரவு செலவை எப்பொழுது பார்க்கிறோம்? பெரும்பாலும் வைத்தியர் கணக்கை நீட்டிய பிறகுதான். இப்பாடம் அந்தக் கணக்கைப் பற்றியது.

சர்க்கரை வியாதி இந்நாட்டில் எவ்வளவு பரவிவிட்டது என்பதற்கு ஓர் அடையாளம் சொல்லலாம். 2016ஆம் ஆண்டில் சிங்கப்பூர் அரசாங்கம் அதன்மீது போர் தொடுப்பதாகவே அறிவித்தது. நம் இந்திய வம்சத்தாரிடம் இவ்வியாதி அதிகம் என்பதும் யாவரும் அறிந்ததே. இதற்குத் தடுப்பாக உள்ள வழிகளுள் செலவில்லாதது தேகப் பயிற்சி. ஆயினும் அதைச் சொன்னவுடன் நம்மவர் மூன்று தடைகளைச் சொல்லுகிறார்கள். அவற்றை ஒவ்வொன்றாக ஆராய்வோம்.

முதல் தடை: "நாள் முழுதும் கடையில் நிற்கிறேன், மூட்டை தூக்குகிறேன். அதுவே பயிற்சிதானே?"

கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும் கேள்வி. கடையநல்லூரிலிருந்தும் தென்காசியிலிருந்தும் வந்து, தஞ்சோங் பகார் துறைமுகத்தில் சுமை சுமந்த நம் பெரியவர்கள் எந்தத் திடலுக்குப் போனார்கள் என்றும் கேட்பார்கள். ஆனால் டென்மார்க் நாட்டின் கோப்பன்ஹேகனில் ஒரு லட்சத்து நான்காயிரம் பேரைச் சுமார் பத்து ஆண்டுகள் கவனித்து, 2021ல் வெளியிட்ட ஆராய்ச்சி வேறு விதமாகச் சொல்லுகிறது. ஓய்வு நேரத்தில் விரும்பிச் செய்யும் பயிற்சி மிகுந்தவர்களிடம் இருதய நோயும் மரணமும் குறைவாக இருந்தன. வேலையில் கடும் உழைப்பு மிகுந்தவர்களிடமோ அவை அதிகமாக இருந்தன. காரணம் குறித்து அறிஞர்களிடையே விவாதம் உண்டு. அவர்கள் கூறும் ஒரு விளக்கம் இது: வேலையில் தேகம் பல மணி நேரம் இளைப்பாறாமல் இரத்த அழுத்தத்தை ஏற்றி வைத்திருக்கிறது. பயிற்சியிலோ இருதயம் சிறிது நேரம் வேகமாக ஓடிப் பிறகு நன்றாக ஓய்வெடுக்கிறது. ஆகவே கடையில் கால் கடுக்க நின்றதைப் பயிற்சிக் கணக்கில் வரவு வைப்பதற்கில்லை. கல்லாவில் உட்கார்ந்தே இருப்பவர்களைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ!

இரண்டாம் தடை: "நேரம் இல்லை."

உலகச் சுகாதார நிறுவனம் 2020ல் வகுத்த அளவு இதுதான். வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான பயிற்சி. அதனுடன் தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சி வாரத்தில் இரண்டு நாளாவது வேண்டும். 65 வயதைக் கடந்தவர்கள், விழாமல் நிற்பதற்கான பயிற்சியையும் வாரம் மூன்று நாள் சேர்த்துக்கொள்ள வேண்டும். மிதமான பயிற்சி என்பது எது? பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அந்த வேகத்தில் நடப்பதே போதும்.

150 நிமிடம் என்பது வாரம் ஐந்து நாள், நாளுக்கு அரை மணி. தொடர்ந்து பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கில் சேரும் என்ற பழைய விதியும் இப்பொழுது நீங்கிவிட்டது. சில்லறையாகச் சேர்த்தாலும் செல்லும்! சில்லறை சேர்ந்து நோட்டாவதை நம்மைவிட நன்றாக அறிந்தவர் யார்? சுபுஹு தொழுகைக்கும் கடை திறப்பதற்கும் இடையில் வெயில் ஏறாத நேரம் இருக்கிறது. பகலுணவுக்குப் பின் அஞ்சடியில் பத்து நிமிடம் நடந்து வந்தாலும், சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சர்க்கரை மட்டுப்படும்.

மூன்றாம் தடை: "இடம் எங்கே?"

இதற்கு விடை நம் வாசலிலேயே இருக்கிறது. வீடமைப்புப் பேட்டைகளில் புளோக்குகளுக்கு இடையே பயிற்சிக் கருவிகள் அமைந்த மூலைகள் உள்ளன. காசு கொடுக்க வேண்டியதில்லை. ஊரை இணைக்கும் பூங்கா இணைப்புப் பாதைகளின் நீளம் 300 கிலோமீட்டருக்கும் அதிகம். 2011ல் தஞ்சோங் பகாருக்கு ரயில் நின்ற பிறகு, 24 கிலோமீட்டர் தண்டவாளத் தடத்தில் பெரும்பகுதி நடைபாதையாகிவிட்டது. சவுத் பிரிட்ஜ் ரோட்டில் ஜாமிஆ சூலியா பள்ளிவாசல் பக்கம் கடை வைத்திருப்பவருக்குப் பேர்ல்ஸ் ஹில் குன்று அருகிலேயே உண்டு. அரபுத் தெருக்காரருக்குக் கல்லாங் ஆற்றங்கரை தூரமில்லை. நம் முன்னோர் பூமலை என்று அழைத்த தாவரவியல் தோட்டம் 1859ல் தொடங்கி இன்றும் இலவசமாகத் திறந்திருக்கிறது.

இடம் இருந்தால் மட்டும் போதுமா? போதாது. சிங்கப்பூரில் 40 முதல் 65 வயது வரையுள்ள 160 பேரை இரண்டு பிரிவாக்கி ஒரு சோதனை செய்தார்கள். ஒரு பிரிவினருக்கு மட்டும் மருந்துச் சீட்டைப் போலப் பூங்காவுக்குப் போக எழுதிக் கொடுத்து, வாரந்தோறும் கூட்டுப் பயிற்சியும் நடத்தினார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்க்கையில் மொத்த உடலசைவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆனால் ஓய்வு நேரப் பயிற்சியும், பூங்காவுக்குப் போகும் வழக்கமும், மன நலமும் கூடியிருந்தன. இதிலிருந்து நாம் கற்பது என்ன? திடல் பக்கத்தில் இருந்தாலும், போகச் சொல்லும் ஒருவரும் உடன் வரும் சிலரும் வேண்டும்.

இனிக் கருவிகளைப் பற்றிச் சில எச்சரிக்கைகள். நின்றுகொண்டு கால்களை முன்னும் பின்னும் வீசும் கருவியில் கைப்பிடியை விடாதீர்கள். அது முழுதும் நின்ற பிறகே இறங்குங்கள். தோளைச் சுழற்றும் சக்கரம் மூட்டுப் பிடிப்புக்கு நல்லது, ஆனால் அதை மட்டும் சுற்றுவது நடைக்கு ஈடாகாது. தசை வலுவுக்கு, தம் பாரத்தைத் தாமே தள்ளியும் தூக்கியும் செய்யும் கருவிகளே தக்கவை. கூழாங்கல் பதித்த பாதையில் வெறுங்காலுடன் நடப்பது நம் பெரியவர்களுக்குப் பிரியம். சர்க்கரை வியாதியால் பாதம் மரத்துப்போனவர்கள் அதை அறவே தவிர்க்க வேண்டும். கல் குத்திய புண் வலிக்காது. வலிக்காத புண்ணைக் கவனிக்க மாட்டோம். கவனிக்காத புண்தான் கடைசியில் காலையே கொண்டுபோகிறது. இன்சுலின் போடுகிறவர்களும் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்களும் வைத்தியரிடம் கேட்டுக்கொண்டு, சட்டைப்பையில் இரண்டு மிட்டாயோடு புறப்படுவது நலம். நெஞ்சில் இறுக்கமோ தலைச்சுற்றலோ கண்டால் உடனே நிறுத்தி உதவி தேட வேண்டும்.

சகோதரர்களே! நடைமுறையில் செய்யத் தக்கது இதுதான். ஒரே வட்டாரத்தில் கடை வைத்திருக்கும் நால்வர் சேர்ந்து, நாளும் இடமும் குறித்துக்கொள்ளட்டும். ஒருவர் வராவிட்டால் மற்றவர் போன் போட்டுக் கேட்கட்டும். வாரத்தில் ஒரு நாளாவது வீட்டுப் பெண்களையும் உடனழைத்துச் செல்லட்டும். வீட்டுக்குள்ளேயே வேலை செய்து களைத்தவர்களுக்கும் இந்த ஓய்வு நேரம் உரியது.

முதலாளிமார்களுக்கு இன்னொரு சொல். நீங்கள் நடக்கப் போகும் அரை மணி நேரம், கடையைப் பார்த்துக்கொள்ளும் சிப்பந்திக்கு வேலை நேரமாகிறது. அவருக்கும் தேகம் உண்டு. மாலையில் கூட்டம் குறைந்த வேளையில் அவருக்கும் அரை மணி விடுங்கள். கூலியில் பிடிக்காதீர்கள். மூட்டை தூக்குகிறவருக்கு ஓய்வு நேரப் பயிற்சி எதற்கு என்று எண்ணுவோர், மேலே சொன்ன டென்மார்க் கணக்கை மறுபடி வாசிக்க வேண்டும்.

சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும். கடையைப் பிள்ளைகளிடம் ஒப்படைக்கும் நாளில், அருகில் நின்று தொழிலைச் சொல்லிக் கொடுக்கும் தெம்பும் நமக்கு இருக்க வேண்டுமல்லவா?