இணையதளம் அமைக்குமுன் சர்வரில் பார்க்க வேண்டியவை

மளிகை மொத்த வியாபாரி முதல் ஜவுளிக் கடைக்காரர் வரை பலரும் இன்று சொந்த இணையதளம் வைக்க விரும்புகிறார்கள். அதற்குப் பெரிதும் பயன்படுவது 2003-ல் வெளிவந்த வேர்ட்பிரஸ் என்ற மென்பொருள். இதற்கு விலை கிடையாது. ஆனால் அதை வைக்கும் சர்வருக்கு வாடகை உண்டு. கிடங்கு பிடிக்கும்போது தரையில் ஈரம் உண்டா, லாரி வர வழி உண்டா என்று பார்த்துத்தானே முன்பணம் கொடுக்கிறோம்? அதுபோல, ஓர் ஆண்டுப் பணத்தை மொத்தமாகக் கட்டுமுன் கீழ்க்கண்டவற்றைக் கேட்டறிய வேண்டும்.

1. பி.எச்.பி.: வேர்ட்பிரஸ் இம்மொழியில் எழுதப்பட்டது. 8.3 அல்லது அதற்கு மேற்பட்ட பதிப்பு நல்லது. 7.4 பதிப்புக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2022 நவம்பரோடு நின்றுவிட்டன. மலிவு என்று அதை வாங்கினால், பூட்டு கெட்ட கிடங்கில் சரக்கு அடுக்கியது போலாகும்.

2. தரவுத்தளம்: இதுதான் தளத்தின் பேரேடு. பக்கங்களில் எழுதுவதெல்லாம் இதில்தான் பதிவாகும். மை எஸ்.க்யூ.எல். 8.0 அல்லது மரியா டிபி 10.6, அதற்கு மேற்பட்டதாகவும் இருக்கலாம்.

3. சர்வர் மென்பொருள்: அப்பாச்சி, எஞ்சின் எக்ஸ் இரண்டும் ஏற்றவை. அப்பாச்சியானால் 'மாட் ரீரைட்' என்ற பகுதி இயங்க வேண்டும். அப்போதுதான் பக்க முகவரிகள் படிக்கத் தக்க சொற்களாக அமையும்.

4. கோப்பு அளவு: பி.எச்.பி. இயல்பாக 2 மெகாபைட் வரையே கோப்பை ஏற்கும். செல்போனில் எடுக்கும் சரக்குப் படம் பெரும்பாலும் அதைத் தாண்டிவிடும். அந்த வரம்பை உயர்த்தித் தருவார்களா என்று கேளுங்கள். உயர்த்தும்போது, ஒரே தடவையில் அனுப்பும் மொத்த அளவுக்கான வரம்பு அதைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். அது இயல்பாக 8 மெகாபைட்.

5. எச்.டி.டி.பி.எஸ்.: வாடிக்கையாளர் தரும் விவரங்களை வழியில் பிறர் படிக்காமல் காப்பது இது. லெட்ஸ் என்கிரிப்ட் இதற்கான சான்றிதழை இலவசமாகவே தருகிறது. அது தானாகப் புதுப்பிக்கப்படுமா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

6. கோப்பு அனுமதி: கோப்புறைகளுக்கு 755, கோப்புகளுக்கு 644 என்பது வழக்கம். ஏதாவது தகராறு வந்தால் சிலர் 777 போடச் சொல்வார்கள். அது கல்லாவைத் திறந்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போவதற்குச் சமம்.

இந்த ஆறுக்கும் பதிலை எழுத்தில் வாங்கிக்கொண்டு, பிறகு பணம் கட்டுங்கள். நகல் எடுத்து வைப்பது யார் பொறுப்பு என்பதையும் அதிலேயே எழுதச் சொல்லுங்கள்.