இடம் மாறினால் இதயம் தேறுமா?

கேள்வி: வசதியான ஏரியாவுக்குக் குடிபோனால் இதயத்துக்கு நல்லதாமே, உண்மையா?

பதில்: ஓரளவு உண்மைதான். 1994-இல் தொடங்கி அமெரிக்க அரசு சிகாகோ, பாஸ்டன் உள்ளிட்ட ஐந்து நகரங்களின் ஏழைக் குடியிருப்புகளில், குலுக்கலில் தேர்வான குடும்பங்களுக்கு, வறுமை குறைந்த பகுதிகளில் மட்டுமே செல்லும் வாடகை உதவிச் சீட்டு கொடுத்தது. பத்துப் பதினைந்து ஆண்டு கழித்து அந்தக் குடும்பப் பெண்களின் எடையையும் ரத்தத்தையும் சோதித்தார்கள். சீட்டுக் கிடைக்காதவர்களைவிட இவர்களிடம் கடும் உடல்பருமனும் சர்க்கரை நோயும் குறைவு. சீட்டு பெற்றவர்களில் பாதிப் பேர்தான் குடிபெயர்ந்தார்கள். அப்படியும் இந்த வித்தியாசம்! உடல்பருமன், சர்க்கரை நோய் இரண்டுமே மாரடைப்புக்கு வழிவிடுபவை. வருமானம் பெரிதாகக் கூடவில்லை, மாறியது தெருதான்.

அதற்காகக் கடன் வாங்கி வீடு மாறாதீர்கள். அதற்குப் பதில், இந்த மாதமே ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துக்கொள்ளுங்கள்.