சீட்டு இல்லாவிட்டால் சருகுதான்!



நம்ம ஊர் எருக்குக்கு அமெரிக்காவில் ஒரு சொந்தக்காரச் செடி உண்டு. பெயர் அஸ்கிளிபியாஸ் சுபுலேட்டா. சொனோரா பாலைவனத்தில் வளரும். பெரும்பாலும் இலையே இருக்காது. பச்சைத் தண்டுதான் உணவு தயாரிக்கும். ஒடித்தால் பால் வடியும். 1844-இல் டெகேன் என்ற தாவரவியலாளர் இப்பெயரை வெளியிட்டார்.

இதை ஹெர்பேரியத்தில் எப்படிச் சேர்ப்பார்கள்?

1. பூவோடு கிளையை வெட்டி, செய்தித்தாளுக்குள் வைத்து அழுத்தி உலர்த்தணும்.
2. கெட்டித் தாளில் ஒட்டணும்.
3. ஓரத்தில் சீட்டு ஒட்டணும். அதில் செடியின் பெயர், இடம், உயரம், தேதி, சேகரித்தவர் பெயர், அவர் கொடுத்த எண் இருக்கணும். காய்ந்தால் பூ நிறம் மாறிடும். அதனால் நிறத்தையும் எழுதணும்.

பல வருஷத்துச் சீட்டுகளைச் சேர்த்துப் பார்த்தால், செடி எங்கெங்கே வளர்ந்தது, எந்த மாதம் பூத்தது என்று தெரியும். மோனார்க் பட்டாம்பூச்சியின் புழுவுக்கு இந்தக் குடும்பச் செடிகளே உணவு. ஆகவே பட்டாம்பூச்சியைக் காக்கவும் இந்தச் சீட்டு உதவும்.

போன வருஷம் நானும் எருக்கம்பூவை நோட்டுக்குள் வைத்தேன். எங்கே பறித்தேன், என்றைக்கு? எழுதலை. டீச்சர் பார்த்துவிட்டு, "சீட்டு இல்லாட்டி இது வெறும் சருகும்மா" என்றார். அழுகையே வந்துடுச்சு. இப்போ முதலில் தேதி, அப்புறம்தான் பூ!

நீங்களும் எழுதி வையுங்கள்.

— ஒன்பதாம் வகுப்பு மாணவி